ஓட்டையின் அளவு மட்டும் போதுமா?

(நாகர்கோவிலில் வேதியியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரி பக்கமிருந்து வந்தவர்கள் வழியில் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோ கடல்நீரில் சோடியம் சுமார் 10.8 கிராம், பொட்டாசியம் 0.4 கிராம்தான். இரண்டுக்கும் ஒரே மின்சுமை. அந்த நெரிசலில் பொட்டாசியத்தை விரும்பிப் பிடிக்கிற மூலக்கூறு உண்டா?

உண்டு. டூபாண்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் பெடர்சன், முனைவர் பட்டம் வாங்காதவர், வேறெதையோ தயாரிக்கப் போனார். மிஞ்சிய பிசினில் 0.4 சதவீதம் வெள்ளைப் படிகம். நம்மில் பலர் கழுவி ஊற்றியிருப்போம்! மெத்தனாலில் சரியாகக் கரையாத அது, சோடியம் உப்பைச் சேர்த்ததும் கரைந்தது. அது வளைய வடிவ மூலக்கூறு; நடுவிலுள்ள ஓட்டையில் அயனியைப் பிடித்துக்கொள்கிறது. இத்தகைய வளையங்களான கிரவுன் ஈதர்களைப் பற்றி 1967-இல் எழுதினார். 1987-இல் டொனால்ட் கிராம், ழான்-மரி லேன் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பென்சீனில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டைப் போட்டால் அடியில் கிடக்கும். துளி 18-கிரவுன்-6 (18 அணு வளையம், அதில் 6 ஆக்சிஜன்) சேர்த்துக் குலுக்குங்கள், பென்சீன் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். ஆறு ஆக்சிஜன்கள் பொட்டாசியத்தைச் சூழ்ந்துகொள்ள, பர்மாங்கனேட்டும் கூடவே வந்துவிடுகிறது. (பென்சீன் நச்சு. பிள்ளைகளிடம் செய்துகாட்ட வேண்டாம்.)

இதை வைத்து, ஓட்டைக்குப் பொருந்தும் அயனியே பிடிபடும் என்று வகுப்பில் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. அளவுப்படி, சற்றுச் சிறிய வளையமான 15-கிரவுன்-5 சிறிய அயனியான சோடியத்துக்கு உரியது. ஆனால் மெத்தனாலில் அளந்து பார்த்தால் அது பொட்டாசியத்தைத்தான் சற்றே கூடுதலாகப் பிடிக்கிறது. காரணம், வளையத்துக்குள் போகுமுன் அயனி தன்னைச் சுற்றிய கரைப்பானை உதற வேண்டும். தண்ணீரிலிருந்து சோடியத்தைப் பிரிக்க மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் ஆகும், பொட்டாசியத்துக்குச் சுமார் 320 போதும். இந்தச் செலவுக்கு மேல் வளையம் எவ்வளவு திருப்பித் தருகிறது? தேர்வு அங்கேதான் நடக்கிறது.

நம் மணவாளக்குறிச்சி மோனசைட் மணலுக்கு வருவோம். அதிலுள்ள அருமண் தனிமங்களின் (லாந்தனமும் அதன் உறவுகளும்) அயனிகளுக்குப் பெரும்பாலும் +3 மின்சுமை. லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை ஆரம் 1.03-இலிருந்து 0.86 ஆங்ஸ்ட்ராமுக்குத்தான் சுருங்குகிறது. அடுத்தடுத்த இரண்டைப் பிரிப்பது வளையத்துக்கும் சிரமம். ஆகவே ஆலைகளில் பல கட்டக் கரைப்பான் பிரிப்புதான், அதாவது ஒன்றோடொன்று கலக்காத இரு நீர்மங்களுக்கிடையே திரும்பத் திரும்பப் பிரித்தெடுப்பது.

பிடித்ததை விடாமல் வைத்திருப்பதில் வளையம் கில்லாடி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு ஊசியில் போகும் காடோலினியம் என்ற அருமண் உலோகத்தை டோட்டா என்ற வளையம் சுமக்கிறது. திறந்த சங்கிலி வகைகளில் உலோகம் கழன்று உடலில் தங்குவது கூடுதல் என்பதால்தான், 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை அவற்றில் பலவற்றை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது.