ஜாயின் போட்டதும் ஐடி மாறிவிடுகிறதா? இதைப் பாருங்கள்

வணக்கம் மக்களே, கோத்தகிரியில் இருந்து பேசுகிறேன். தேயிலைத் தோட்டக்காரர்கள் கொடுக்கிற பச்சை இலையின் கணக்குக்குப் போட்ட இரண்டு டேபிளையும் இன்று ஜாயின் செய்யப் போகிறோம், அதாவது உறுப்பினர் ஐடியை வைத்து ஒன்றாக இணைக்கப் போகிறோம். இதில் சத்தமில்லாமல் நடக்கிற ஒரு தப்பு இருக்கிறது. எர்ரர் வராது, பக்கமும் ஒழுங்காகத் திறக்கும். ஆள் மட்டும் மாறிப்போவார்.

உறுப்பினர் டேபிளில் ஐடி, பெயர், ஊர், வங்கிக் கணக்கு. வரவு டேபிளில் ஐடி, உறுப்பினர்_ஐடி, தேதி, கிலோ. எல்லா நெடுவரிசையும் வேண்டும் என்று செலக்ட் ஸ்டார் போட்டால், தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல் எட்டு நெடுவரிசையையும் சரியாகத்தான் கொடுக்கிறது. சிக்கல், அதை வாங்கிப் பக்கமாகக் காட்டுகிற பிஎச்பி நிரலில். அதில் ஃபெட்ச் அசாக் என்ற ஃபங்ஷன் ஒவ்வொரு வரியையும், நெடுவரிசைப் பெயரைக் கீயாக வைத்து அரேயாக, அதாவது பெயரும் மதிப்பும் சேர்ந்த பட்டியலாக மாற்றும். ஒரே அரேயில் 'ஐடி' என்று இரண்டு கீ இருக்க முடியாதே! பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும்.

திரையைப் பாருங்கள். இவர் கட்டபெட்டுக்காரர், உறுப்பினர் ஐடி 7. இவர் 18 கிலோ கொடுத்த வரவின் ஐடி 112. அரேயில் மிஞ்சுவது 112 மட்டும்தான். இவர் பெயருக்குப் பக்கத்தில் 'திருத்து' என்று அழுத்துகிறேன்... அரவேணுவில் இருக்கிற 112ஆம் உறுப்பினர் திறக்கிறார். இங்கே வங்கிக் கணக்கை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மாதம் முழுக்க இலை பறித்துக் கொடுத்தவருடைய பணம் அது.

வரவே இல்லாத உறுப்பினரையும் விடாமல் கொண்டுவருகிற லெஃப்ட் ஜாயின் என்றால் இன்னும் மோசம். கவாத்து வெட்டிய தோட்டத்தில் சில மாதம் இலை வராது. ஆனாலும் அவர் பட்டியலில் இருக்க வேண்டும். அவருக்கு வரவு பக்கம் எல்லாமே காலி. அந்தக் காலி மதிப்பு வந்து அவருடைய உறுப்பினர் ஐடியையே துடைத்துவிடும்.

சரி, 'உறுப்பினர்.ஐடி' என்று டேபிள் பெயரோடு புள்ளி வைத்து எழுதினால் போதாதா? போதாது. நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். நிபந்தனை எழுதுகிற 'வேர்' (WHERE) பகுதியில் வெறும் ஐடி என்று எழுதினால் எர்ரர் 1052 வரும், எந்த டேபிளின் ஐடி என்று தெரியவில்லை என்று. புள்ளி வைத்ததும் அது போய்விடும், நாமும் முடிந்தது என்று விட்டுவிடுவோம். ஆனால் செலக்ட்டில் புள்ளி வைத்து எழுதினாலும் விடையில் வருகிற தலைப்பு 'ஐடி'தான். இரண்டுக்குமே.

அதனால் ஸ்டாரை எடுத்துவிட்டு, வேண்டியதை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒன்றுக்கு, வேறு பெயர் கொடுக்கிற 'ஆஸ்' (AS) போட்டு உறுப்பினர்_எண், இன்னொன்றுக்கு வரவு_எண். தட்டச்சு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. இதையே ஒரு டேபிள் போலச் சேமித்து வியூவாக்கப் போனால் எப்படியும் பெயர் மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் எர்ரர் 1060 வந்து நிற்கும். ஒரே பெயருள்ள நெடுவரிசைகளைத் தானாகவே பொருத்துகிற நேச்சுரல் ஜாயின் பக்கம் மட்டும் போகாதீர்கள். நாளைக்கு இரண்டு டேபிளிலும் 'குறிப்பு' என்று ஒன்றைச் சேர்த்தால் அதையும் பொருத்திப் பார்க்கும், பாதி வரி காணாமல் போகும்.

பழைய கோடில் இந்தத் தப்பு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? ரிசல்ட்டின் ஃபீல்ட் கவுன்ட்டையும் (நெடுவரிசை எண்ணிக்கை) அரேயில் இருக்கிற கீக்களையும் எண்ணிப் பாருங்கள். நம்முடையதில் அங்கே 8, இங்கே 7. எண்ணிக்கை இடித்தால் ஏதோ ஒரு பெயர் மோதுகிறது. எது என்பதை, நெடுவரிசைப் பெயர்களை வரிசையாகத் தருகிற ஃபெட்ச் ஃபீல்ட்ஸ் காட்டிவிடும்.