4 வீலில் போட்டும் வண்டி ஏன் நகரவில்லை?

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் பிக்கப் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. 4 ஹையில் (நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் சாதாரண வேக நிலை) போட்டேன். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றின. மற்ற இரண்டும் அசையவே இல்லை. அப்படியென்றால் இது நிஜமான ஃபோர் வீல் டிரைவ்தானா? டிஃப் லாக் (டிஃப்ரன்ஷியலைப் பூட்டும் வசதி) இருந்திருந்தால் வெளியே வந்திருக்குமா?"

நல்ல கேள்வி. உங்கள் வண்டியில் எந்தக் குறையும் இல்லை. ஃபோர் வீல் டிரைவ் எது வரைக்கும் உதவும் என்பது சரியாக விளங்காததால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

4 ஹையில் போடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும், அதாவது ஆக்ஸில்களுக்கு விசையைக் கொண்டுபோகும் நீண்ட தண்டுகளை, ஒன்றாகப் பூட்டுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான். அந்த ஷாஃப்ட்டிலிருந்து இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது ஆக்ஸிலில் இருக்கும் டிஃப்ரன்ஷியல். உங்கள் சிக்கல் அங்கேதான்.

டிஃப்ரன்ஷியல் ஏன் வேண்டும்? வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விட வேண்டும். சாலையில் இது இல்லாமல் ஓட்ட முடியாது. ஆனால் மண்ணில் இதுவே காலை வாரிவிடும்.

"ஓப்பன் டிஃப்ரன்ஷியல் வழுக்குகிற சக்கரத்துக்குத்தான் எல்லா சக்தியையும் அனுப்பும்" என்று பலரும் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஓப்பன், அதாவது பூட்டு இல்லாத சாதாரண டிஃப்ரன்ஷியல் எப்போதும் இரண்டு பக்கமும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு குச்சியின் இரண்டு முனைகளும் எதிலாவது முட்டியிருக்க, நடுவில் விரலை வைத்துத் தள்ளுங்கள். இரண்டு முனைகளும் சமமாக அழுத்தும். ஒரு பக்கத்துத் தடுப்பை எடுத்துவிட்டால் குச்சி அந்தப் பக்கமாகத் திரும்பிவிடும், மறுமுனையிலும் அழுத்தம் போய்விடும். அந்தரத்தில் நிற்கும் சக்கரம் 50 நியூட்டன் மீட்டரைத்தான் தாங்கும் என்றால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 50தான். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது. அந்தரத்துச் சக்கரம் மட்டும் இரட்டிப்பு வேகத்தில் சுற்றும்.

நீங்கள் மாட்டியது இதன் மோசமான வடிவம். முன்னால் ஒரு பக்கம், பின்னால் எதிர்ப் பக்கம் என்று குறுக்காக இரண்டு சக்கரங்கள் பிடிப்பை இழந்துவிட்டன. பிக்கப்களில் இது சுலபமாக நடக்கும். பாரம் ஏற்றுவதற்காகப் பின்னால் கெட்டியான பட்டை ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். பின்பகுதி காலியாக இருந்தால் அது வளைந்து கொடுக்காது, சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

டிஃப் லாக் செய்வது என்ன? இடது, வலது ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளை ஒன்றாகப் பிணைத்துவிடும். அதன்பின் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். ஒன்று அந்தரத்தில் இருந்தாலும், தரையில் இருப்பதற்கு அதன் பிடிப்பு தாங்கும் அளவு முழுக்கப் போய்ச் சேரும். அதனால் பின் டிஃப் லாக் இருந்திருந்தால் நீங்கள் வெளியே வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் போதாதா என்று கேட்பீர்கள். அது சுற்றுகிற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, அங்கே ஒரு செயற்கையான முட்டுக் கொடுக்கிறது. உடனே மறுபக்கத்துக்கும் விசை கிடைக்கும். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சக்கரம் சுற்றத் தொடங்கிய பிறகுதான் விழித்துக்கொள்ளும், நீண்ட நேரம் போராடினால் பிரேக் சூடாகும். அதையே கால் பிரேக்கால் செய்யலாம் என்று முயல வேண்டாம். நல்ல சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும், பலன் கிடைக்காது.

4 லோ (நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் மெதுவான கியர் நிலை) வேறு விஷயம். பல பிக்கப்களில் அது முறுக்குவிசையைச் சுமார் இரண்டரை மடங்கு ஆக்கும், வேகத்தை அதே அளவு குறைக்கும். செங்குத்தான ஏற்றத்துக்கும், இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங்குக்கும் அருமையான துணை. தரையில் இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. முன், பின் ஷாஃப்ட்டுகளுக்கு நடுவில் சென்டர் டிஃப்ரன்ஷியல் இல்லாத பார்ட் டைம் (தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீலுக்கு மாற்றும்) வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் 4 ஹையில் ஓட்டாதீர்கள். திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. ஷாஃப்ட்டுகள் பூட்டியிருப்பதால் அந்த வித்தியாசம் முறுக்காகச் சேரும். டயர் தேயும், கியர்களுக்குச் சுமை, லீவரும் 2 ஹைக்கு (இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் நிலை) வர மறுக்கும். அப்படி இறுகிவிட்டால் நேராகக் கொஞ்ச தூரம் பின்னால் எடுங்கள், பெரும்பாலும் விடுபடும்.

டிஃப் லாக்கையும் தடைக்குள் போவதற்கு முன்பே போடுங்கள். சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது போட்டால் உள்ளே பற்கள் உடையலாம். டாஷ்போர்டில் லாக் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் பூட்டவில்லை என்று பொருள். மெதுவாக உருட்டி, ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் திருப்பினால் பற்கள் பொருந்தும். லாக் போட்டிருக்கையில் வண்டி நேராகவே போகப் பார்க்கும், திரும்ப அடம்பிடிக்கும். பக்கச் சரிவில் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து வழுக்கினால் பின்பகுதி அப்படியே கீழ்ப்பக்கம் இறங்கும். தடையைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், வண்டியோடு வந்த கையேட்டை ஒருமுறை பாருங்கள். சில வண்டிகளில் லாக் 4 லோவில் மட்டும்தான் விழும். லாக் போட்டதும் ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) அணைந்துவிடும் வண்டிகளும் உண்டு.