எங்கே நடக்கிறது என்று கேளுங்கள்

அன்பான மாணவர்களே, ஆசிரியப் பெருமக்களே!

செல் தன் உணவிலிருந்து சக்தி எடுக்கும் செல் சுவாசத்தின் படிகளைக் கேட்டால் மடமடவென்று ஒப்பித்துவிடுவீர்கள். எது எங்கே நடக்கிறது என்று கேட்டால்தான் தடுமாற்றம். நானும் ஒரு மதிப்பெண்ணுக்காகத்தான் அந்த இடப்பெயர்களை மனப்பாடம் செய்தேன். இடம்தான் விஷயமே என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

முதல் படியான கிளைக்காலிசிஸ், செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடைகிறது. செலவு போக மிச்சம், செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி மூலக்கூறுகள் 2. ஆக்சிஜன் வேண்டியதில்லை. நம் இரத்தச் சிவப்பணுவை நினைத்துப் பாருங்கள். உடம்புக்கெல்லாம் ஆக்சிஜன் சுமப்பது அதுதான். ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி செய்யும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா அதற்குள் கிடையாது. சுமக்கிற ஆக்சிஜனைக் கொண்டு தனக்கென ஏடிபி செய்துகொள்ள வழியில்லாமல், ஏறத்தாழ 120 நாள் இந்த முதல் படியை வைத்தே வாழ்ந்துவிடுகிறது!

மற்ற செல்களில் பைருவேட், மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளையும் தாண்டி மேட்ரிக்ஸ் என்ற உட்பகுதிக்குப் போகிறது. அதைச் சிதைத்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கும் கிரெப்ஸ் சுழற்சி அங்கேதான். 1937இல் ஷெஃபீல்டில் ஹான்ஸ் கிரெப்ஸ் இதைக் கண்டறிந்தது புறாவின் நெஞ்சுத் தசையை அரைத்து வைத்து. ஓயாமல் சிறகடிக்கும் தசை. மைட்டோகாண்ட்ரியா அதில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்.

இனி உட்சவ்வு. மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தச் சவ்வில்தான் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி ஆக்சிஜனிடம் சேர்கின்றன. அந்தப் போக்கில் புரோட்டான்கள் இரு சவ்வுகளுக்கும் இடையிலுள்ள சந்துக்குள் தள்ளப்படுகின்றன. அங்கே சேர்ந்த புரோட்டான்கள் ஒரு நொதியின் வழியாகத் திரும்ப உள்ளே பாயும்போது, அந்த நொதி சுழன்று ஏடிபியைச் செய்கிறது. புரோட்டான்களின் இந்தப் பாய்ச்சல்தான் ஏடிபியைச் செய்யவைக்கிறது என்று 1961இல் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு வந்தது.

உட்சவ்வு கிழிந்தால் என்ன ஆகும்? எலக்ட்ரான் அப்போதும் ஆக்சிஜனைச் சேரும், தண்ணீரும் உண்டாகும். ஏடிபி மட்டும் உண்டாகாது. உள், வெளி என்ற பிரிவு போய்விட்டதே!

பச்சிளங்குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அங்கே அதே உட்சவ்வில் இன்னொரு புரதம், புரோட்டான்களுக்கு வேறு வாசலைத் திறந்துவிடுகிறது. அந்த வழியாகத் திரும்பினால் ஏடிபி இல்லை, வெப்பம்தான். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாத அந்தப் பிஞ்சு உடம்புக்கு அந்தக் கதகதப்பு போதும்.