ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை

(கட்டடக்கலை மாணவர்களிடம் பேசியது, எழுத்தில்)

எல்லோருக்கும் வணக்கம். ஆரம்பிப்பதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கையில் இருக்கும் அழைப்பிதழைத் திருப்பி, பின்பக்கம் ஓர் ஏரி வரையுங்கள். வானத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி. அரை நிமிடம் போதும்.

சரி, முன்வரிசைக்காரர்கள் தூக்கிக் காட்டுங்கள். வட்டம், நீள்வட்டம், மொச்சைக்கொட்டை மாதிரி ஒன்று. இவர் நடுவில் தாமரையே பூக்க வைத்துவிட்டார். எல்லாமே மூடிய கோடுகள். மூன்றாவது வரிசையில் அந்தத் தங்கச்சி மட்டும் வில்லை வளைத்த மாதிரி ஒரு கோடு போட்டுவிட்டு, மறுபக்கத்தைத் திறந்தே விட்டிருக்கிறார். எந்த ஊரும்மா? சிவகங்கைப் பக்கமா? அதானே பார்த்தேன்.

நான் பேச வந்தது அந்தத் திறந்த பக்கத்தைப் பற்றித்தான்.

என் விசிட்டிங் கார்டில் நிலவடிவமைப்பாளர் என்று போட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் கேட்டால் ‘தோட்டம் போடுறவர்’ என்பார்கள். இருபது வருடமாக இதுதான் சோறு. அதில் நான் செய்த ஒரு பெரிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் செய்த நல்ல வேலைகளைவிட அது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். ஓர் ஊரின் ஓரத்தில் ஒரு பழைய ஏரி. அதை அழகுபடுத்தித் தரச் சொன்னார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். தூர்வாரிய மண் மலைபோல் குவிந்து கிடந்தது. அதை வெளியே கொண்டுபோகச் செலவாகும் என்பதால் அந்த மண்ணையே ஏரியைச் சுற்றிக் கரையாகப் போட்டு, மேலே நடைபாதை அமைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர். காலையில் இரண்டு சுற்று நடந்தால் டாக்டர் சொன்ன கணக்கு சரியாகிவிடும். பேவர் பிளாக், பெஞ்ச், ஊஞ்சல், வண்ண விளக்கு எல்லாம் உண்டு. திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்தக் கார்த்திகையில் ஒரே ராத்திரி நல்ல மழை. காலையில் போன் வந்து ஓடினேன். ஏரி பாதிகூட நிறையவில்லை. ஆனால் மேற்குப் பக்கம், அதாவது ஏரிக்கு மேட்டுப் பக்கம் இருக்கும் இரண்டு தெருவிலும் முழங்கால் தண்ணீர். தண்ணீர் உள்ளே வர மூன்று இடத்தில் இரண்டடி சிமென்ட் குழாய் பதித்திருந்தேன். மூன்றும் பிளாஸ்டிக் பையும் சுள்ளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டன. ஒரு வீட்டில் கட்டில்மேல் கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும். பக்கத்தில் எழுபது வயது அம்மா ஒருவர் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். என்னை யாரோ அதிகாரி என்று நினைத்திருக்க வேண்டும்.

“தம்பி, ஏரிக்கு இந்தப் பக்கம் கரையே கிடையாதே. எந்தப் புத்திசாலி கட்டுனான்?” என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. மத்தியானம் ஜேசிபி வந்து, பொன்னாடை வாங்கித் தந்த பாதையை இரண்டு இடத்தில் வெட்டியது. அரைமணி நேரத்தில் தெரு வடிந்துவிட்டது.

அந்த அம்மா சொன்னதை நான் கல்லூரியில் படித்ததில்லை. நம் ஏரி தோண்டி வைத்த தொட்டி இல்லை. சரிவான நிலத்தில் ஓடிவரும் மழைத்தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் ஒரு மண்கரை போட்டு நிறுத்துகிறார்கள். அவ்வளவுதான். கரையின் இரண்டு முனையும் மேட்டை நோக்கி வளைந்து போய்த் தரைமட்டத்தோடு கலந்துவிடும். பறம்பு நாட்டுக் குளத்தைக் கபிலர் எட்டாம் நாள் பிறைக்கு ஒப்பிட்டார் என்று நீர் மேலாண்மைக் கூட்டங்களில் தவறாமல் சொல்வார்கள். பிறை என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து முழுநிலா மாதிரி கரை போடுவதும் நாம்தான்.

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை இந்த அமைப்புதான். கரையில் மடை, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய். கரையின் ஓரத்தில் கலிங்கு, அதாவது மிச்சத் தண்ணீர் வழியும் இடம். நிறைந்தால் கலிங்கு வழியாக மறுகால் பாயும். மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. இப்படிச் சங்கிலி போல இறங்கிப் போகும். மேட்டுப் பக்கம் தண்ணீர் வரும் விதத்தை மட்டும் நாம் கவனிப்பதில்லை. வரத்துக்கால் வழியே வருவது ஒரு பங்கு. மீதி, புஞ்சைக் காடு முழுக்கப் பாய் விரித்த மாதிரி பரவலாக நடந்து வரும். பாய் விரித்து வருகிற தண்ணீரை மூன்று குழாய்க்குள் நுழையச் சொன்னேன். நுழையுமா?

இப்போது கொஞ்சம் கணக்கு. உள்வாய், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் பரவி நிற்கும் சரிவு, ஐந்நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு சாண் இறங்கினால் விளிம்பு எவ்வளவு நகரும்? நூறு மீட்டருக்கு மேல். கரைப்பக்கம் நின்று பார்ப்பவருக்கு அலைகல்லில், அதாவது அலை அரிக்காமல் கரையில் பதித்த கல்லில், ஒரு சாண் ஈரக்கோடுதான் தெரியும். எதிர்ப்பக்கம் ஒரு கால்பந்து மைதான நீளத்துக்குத் தரை வெளியே வந்திருக்கும். அந்தத் தரை ஒரு மாதத்தில் தண்ணீர், இன்னொரு மாதத்தில் சேறு, அப்புறம் புல், அப்புறம் வெடித்த களிமண். ஒரே இடத்துக்கு வருடத்தில் நான்கு வேடம். அதை எந்த வரைபடத்தில் என்ன நிறம் அடித்துக் காட்டுவீர்கள்? நிலமா, நீரா?

நம் முன்னோர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு உட்காரவில்லை, அந்த இடத்தைப் பயன்படுத்தினார்கள். தை, மாசியில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க ஈரம் காயாத உள்வாயில் வெள்ளரியும் தர்ப்பூசணியும் போடுவார்கள். புல் முளைத்ததும் ஆடு மாடு இறங்கும். கடைசியில் கரையடியில் குட்டையாகத் தேங்கியதும் எங்கள் பக்கத்தில் மீன்பிடித் திருவிழா. விடிகாலையில் ஊரே ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். ஊத்தா தெரியுமா? மூங்கிலில் பின்னிய அடியில்லாக் கூடை. சேற்றில் அதை அமுக்கிவிட்டு மேல் ஓட்டைவழியே கையை விட்டால் விரால் வழுக்கும். அகப்படுகிறதா இல்லையா என்பது அவரவர் அதிர்ஷ்டம். அது முடிந்து தரை வெடித்ததும் குயவர் களிமண் எடுப்பார். வயலுக்கு வண்டல் போகும். மழை வந்ததும் எல்லோரும் ஒதுங்கிக்கொள்வார்கள், தண்ணீர் திரும்ப வந்து தன் இடத்தில் உட்காரும். எங்கேயும் வேலி கிடையாது. முறை இருந்தது. யார் எப்போது இறங்கலாம் என்ற முறை.

பறவைக்கும் இதே சரிவுதான் சாப்பாட்டுப் பந்தி. ஆழத்தில் முக்குளிப்பான். முழங்கால் தண்ணீரில் சாம்பல் நாரை. ஒரு சாண் தண்ணீரில் பவளக்கால் உள்ளான், அந்தச் சிவப்புக் குச்சிக் காலை வைத்துக்கொண்டு. வெறும் ஈரச் சேற்றில் சின்ன உள்ளான்கள். காலின் நீளம்தான் பந்தியில் யாருக்கு எந்த இடம் என்பதை முடிவு செய்கிறது. இந்தச் சரிவை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஓரம் முழுக்கச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்துவிட்டால் நீர்க்காகமும் நாமக்கோழியும் மிஞ்சும். மற்றவை பந்தியில் இடம் இல்லாமல் போய்விடும்.

மனிதனுக்கும் அதேதான். சரிவில் இறங்கும் பிள்ளைக்குக் கால் வைக்கத் தரை கிடைக்கும். செங்குத்தாக வெட்டிய ஏரியில் இரண்டாவது அடியில் தலை முங்கிவிடும். ஆழப்படுத்தினால் கொள்ளளவு கூடுமே என்பார்கள். கூடும். ஆனால் மடைக்கல்லின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு ஏறிப் போகாது. கோடையில் மீனுக்கும் மாட்டுக்கும் நிலத்தடிக்கும் அது உதவும், மறுக்கவில்லை. அதற்குக் கரையோரம் ஓர் இடத்தில் பள்ளம் போதும். ஏரி முழுவதையும் அண்டா ஆக்க வேண்டியதில்லை.

வேடந்தாங்கலுக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். பறவையைப் பார்த்திருப்பீர்கள், அடுத்த முறை ஏரியைப் பாருங்கள். சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள்ளேயே நிற்கத் தெரிந்த நீர்க்கடம்பு மரங்கள், அவற்றின் மேல் கூடு. பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் போகிறது, உரச்செலவு குறைகிறது. அந்த ஊர்க்காரர்கள் பறவையைப் பாதுகாத்ததில் பாசமும் உண்டு, கணக்கும் உண்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது முறையிட்டு, 1798-லேயே செங்கல்பட்டு ஆட்சியரிடம் பாதுகாப்பு உரிமை எழுதி வாங்கினார்கள். ஆனால் இரை அந்த ஏரியில் மட்டும் கிடைக்காது. சுற்றியிருக்கும் வயலிலும் மற்ற ஏரிகளிலும்தான் மேய வேண்டும். அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் பேச்சு வந்தபோது ஏன் அவ்வளவு எதிர்ப்பு என்று கேட்டால், காரணம் இந்தப் பந்திதான். கூடு ஓர் ஏரியில், சோறு ஊரெல்லாம்.

அடுத்து சிங்கப்பூர். நம் ஊர் ஆலோசனை நிறுவனம் எது விளக்கப்படம் போட்டாலும் மூன்றாவது படம் பீஷான் – அங் மோ கியோ பூங்காவாகத்தான் இருக்கும், அதனால் நானும் சொல்லிவிடுகிறேன். காலாங் ஆறு அங்கே 2.7 கிலோமீட்டருக்கு நேர்க்கோட்டு கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி, 62 ஹெக்டேர் பூங்காவை 2012-ல் திறந்தார்கள். வடிவமைத்தது ஹெர்பர்ட் டிரைசைட்டலின் அலுவலகம். உடைத்த கான்கிரீட் பலகைகளை வெளியே அனுப்பாமல் பூங்காவுக்குள்ளேயே ஒரு குன்றாக அடுக்கியிருக்கிறார்கள். (தூர்வாரிய மண்ணை வெளியே அனுப்பாமல் கரை போட்டவன் என்ற முறையில் அந்தக் குன்றைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.) பிற்பாடு நீர்நாய்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தன.

எல்லோரும் நீர்நாயைக் காட்டுவார்கள். நான் பார்க்கச் சொல்வது புல்வெளியை. சாதாரண நாளில் ஆறு நடுவில் சின்ன ஓடை, இரண்டு பக்கமும் ஜனம் உட்கார்ந்திருக்கும். பெருமழையில் தண்ணீர் புல்வெளி முழுக்கப் பரவும். அதற்கு முன் எச்சரிக்கை விளக்கு எரியும், சைரன் ஒலிக்கும், ஜனம் மேட்டுக்கு ஏறிவிடும். பூங்கா முங்குவதை அங்கே யாரும் பழுது என்று சொல்வதில்லை, முங்குவதற்குத்தான் கட்டியிருக்கிறார்கள். நம் உள்வாய் செய்த அதே வேலை.

ஆனால் அப்படியே நகல் எடுக்காதீர்கள். அங்கே வருடம் முழுக்க மழை. நமக்கோ இரண்டு மூன்று மாதத்து மழை, அப்புறம் நீண்ட வறட்சி. அவர்கள் ஆறு வற்றாது, நம் ஏரி வற்ற வேண்டியது. வற்றிய ஏரியைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பதறி, அதில் சாக்கடையை விட்டாவது எப்போதும் நிறைந்து தெரிய வேண்டும் என்று நினைப்பதால்தான் பாதி ஏரிகளில் ஆகாயத்தாமரை பூக்கிறது.

திறந்து வைத்தால் பிளாட் போட்டுவிடுவானே என்று கேட்பீர்கள். நியாயமான பயம். சென்னையில் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. போய் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் லேக் தெரியாது. அந்த ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள், அதுவும் அரசாங்கமே திட்டம் போட்டு. ஆக்கிரமிப்பைத் தடுக்க 2007-ல் தனிச் சட்டமே வந்தது. அதற்கு முதலில் எல்லை தெரிய வேண்டும். எல்லையைக் காட்ட மண்சுவர் தேவையில்லை. முழு நீர்மட்டக் கோட்டுக்கு வெளியே இருபதடிக்கு ஒரு பனை நட்டால் போதும். பனை வரிசை தண்ணீரை மறிக்காது, நூறு வருடம் நிற்கும், ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்தவும் முடியாது. எல்லைக்கல்லை நகர்த்திவிடுவார்கள்.

என் ஏரியிலும் அந்தப் பக்கத்தைத் திறந்துதான் விட்டோம். மேற்குப் பக்கக் கரையை எண்ணூறு மீட்டருக்கு வழித்தெடுத்துப் பாதையைத் தரைமட்டத்துக்கு இறக்கினேன். பேவர் பிளாக்கைக் கழற்றிவிட்டுக் கருங்கல் பலகை பதித்தோம். கலந்தாய்வுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “சார், மழைக்காலத்தில் பாதை முங்கிடுமே?” என்றார். “முங்கட்டும்” என்றேன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் முழுச் சுற்று நடக்க முடியாது, பாதிதூரம் போய்த் திரும்பி வர வேண்டும் என்று விளக்குவதற்கு ஆறு கூட்டம் ஆனது. நடைப்பயிற்சிக்காரர்கள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

போன மார்கழியில் போயிருந்தேன். மேற்குப் பக்கம் பாதை கணுக்கால் தண்ணீருக்குள் இருந்தது. ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேட்டியைத் தூக்கிக் கட்டி நிதானமாக நடந்து வந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் உள்ளான்கள், அவரைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்தன. அந்தத் தெருவில் திண்ணையெல்லாம் காய்ந்திருந்தது. அந்த அம்மாவைப் பார்த்தேன். இதற்குள் உண்மையைச் சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அறிமுகம் செய்தார்: “இவருதான் கரை போட்ட தம்பி.”

வெட்டியதும் நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அது அவர் காதில் ஏறவில்லை. மோர் கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.