அந்த நாற்காலியில் நான்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கிளிநொச்சியில் சலூன் வைத்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருடங்களாக நாற்காலிக்குப் பின்னால் நின்று பழகியவன். எனக்குத் தலைமயிர் வெட்டிவிடுவது என் தம்பி. அவனிடம் இருக்கும்போதும் வாசலில் காத்திருப்பவர்கள் மேல்தான் என் கண் போகும். அந்த நாற்காலியில் உட்காருவது எப்படிப்பட்டது என்று போன வருடம் இஸ்தான்புல்லில்தான் உணர்ந்தேன்.

லண்டனில் இருக்கும் மகனை ஒன்பது வருடங்களுக்குப் பிறகு சந்திக்க நானும் மனைவியும் இஸ்தான்புல்லுக்குப் போயிருந்தோம். அவன் வந்து இறங்க இன்னும் ஒரு நாள் இருந்தது. வளர்ந்த தாடியோடு அவன் முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. விடுதிக்குப் பின்தெருவில் ஒரு சிறிய சலூன் கண்டேன். எனக்குத் துருக்கி மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. தலையைத் தொட்டு, இரண்டு விரல்களால் அளவு காட்டினேன். கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது.

நான் முதலில் பார்த்தது பிளேடை. உறையைப் பிரித்து, என் கண் முன்னாலேயே இரண்டாக உடைத்து, பாதியைக் கத்தியில் பொருத்தினார். வெளிநாடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். பழைய பிளேடில் ஒட்டியிருக்கும் துளி இரத்தமும் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைக் கொண்டுவரலாம். புதிய பிளேடு போடுங்கள் என்று கேட்டால் நல்ல தொழிலாளி கோபிக்கமாட்டார்.

சவரம் முடிந்து, சூட்டுத் துவாயால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஒரு கம்பி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தினார். அந்தச் சுவாலையால் என் காதுமடலைத் தட்டித் தட்டி எடுத்தார். காது மயிர் கருகும். தோல் சுடுமுன் தீ விலகிவிடும். மறு கை அந்த இடத்தைத் தடவிவிடும். நான் கண்களை மூடிக்கொண்டேன். நெருப்பும் கத்தியும் வைத்திருக்கும், முன்பின் தெரியாத ஒருவரிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டு இருக்கிறேன். எனக்குள் எந்தப் பயமும் இல்லை.

2009இல், போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், யாரோ தந்த கத்தரிக்கோலால் தறப்பாள் கூடாரத்துக்கு வெளியே பலருக்கு வெட்டிவிட்டேன். மாதக்கணக்கில் கத்தரிக்கோல் படாத தலைகள். சிலர் முடியும்வரை வாய் திறக்கவில்லை. முடிந்த பிறகும் எழுந்து போகாமல் அப்படியே நிலத்தில் இருந்தார்கள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பரிவோடு ஒரு கை தலையில் பட்டு எவ்வளவு காலமாகியிருக்கும் அவர்களுக்கு!

இஸ்தான்புல் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எனக்கு வெட்டியவரை 'உஸ்தா' என்று அழைத்தார்கள். தேநீர் கொண்டுவந்த பையனும் அப்படியே அழைத்தான். தொழிலில் கைதேர்ந்தவர், ஆசான் என்று அதற்குப் பொருள் என மகன் பிறகு சொன்னான். எனக்கு என் தகப்பனாரின் நினைவு வந்தது. அவர் வீடு வீடாகப் போய் வெட்டியவர். திண்ணையில் ஏற விடமாட்டார்கள், வேலை முற்றத்தில்தான். பத்து வயதுப் பையனும் அவரை 'நீ' என்பான். அவர் அந்தப் பையனை 'நீங்கள்' என்பார்.

இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. லண்டனில் 1540 முதல் 1745 வரை முடிதிருத்துவோரும் சத்திரசிகிச்சை செய்வோரும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் எங்கள் தொழிலைச் செய்தவர்களுக்கு மருத்துவர் என்றே ஒரு பெயர் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். பிள்ளையை வாங்கிய கையையும் புண்ணை ஆற்றிய கையையும் எந்த நியாயத்தில் முற்றத்தில் நிறுத்தினார்கள்?

கடைசியாக அந்த உஸ்தா என் உள்ளங்கைகளில் எலுமிச்சை மணக்கும் கொலோன்யாவை ஊற்றினார். காய்ச்சல்காரரின் நெற்றியில் நாங்கள் நனைத்து வைக்கும் ஓடிக்கொலோனுக்கு அது உறவு. துணியை உதறிக்கொண்டே, "சிஹத்லெர் ஒல்சுன்" என்றார். முடி வெட்டிக்கொண்டவருக்கும் குளித்து வந்தவருக்கும் அங்கே சொல்லும் வாழ்த்து அது: உடலுக்கு நலமாகட்டும்.

ஊருக்குத் திரும்பிய பின், துணியை உதறும்போது நானும் ஒவ்வொருவரிடமும் "சுகமாக இருங்கள்" என்று சொல்லத் தொடங்கினேன். முதல் நாள் வந்தவர்களில் ஒரு பெரியவர், என் தகப்பனாரை அறிந்தவர். சிறு வயது முதல் என்னை 'நீ' என்றே அழைப்பவர். கண்ணாடியில் என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் சுகமாக இருங்கள், தம்பி" என்றார்.