தரகரைத் திருப்பி அனுப்பியது பள்ளிக்கூடம்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வாசகசாலை ஆண்டு விழாவுக்கு வேலையை முடித்துவிட்டு வந்திருக்கும் கருங்கல் சுற்றுவட்டாரத்து அம்மாமாரே, அண்ணன்மாரே, வணக்கம்.

நம் நாட்டில் பதின்ம வயதிலேயே பிள்ளை பெறுவது குறைந்ததற்குப் பெரிய காரணம் சட்டமா, பள்ளிக்கூடமா? இதுதான் தலைப்பு. பள்ளிக்கூடம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

குறைந்திருக்கிறது என்பதில் இரண்டு அணிக்கும் சண்டை இல்லை. 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 16 பேர் தாயாகியிருந்தார்கள், அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். 2019-21இல் அது 7 பேருக்கும் சற்றுக் கீழே வந்துவிட்டது.

எதிரணித் தலைவர், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டத்திலிருந்து தொடங்கினார். நானும் அங்கிருந்தே வருகிறேன். 1929இல் பெண்ணின் கல்யாண வயது குறைந்தது 14 என்றார்கள். 1978இல் 18 ஆக்கினார்கள். சரி, அதற்குப் பிறகு 27 வருடம் கழித்து எடுத்த அதே 2005-06 கணக்கில் என்ன தெரிந்தது? 20 முதல் 24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 47 பேர் பதினெட்டுக்கு முன்பே கழுத்தை நீட்டியவர்கள். ஒரு தலைமுறை முழுக்கச் சட்டமும் இருந்தது, கல்யாணப் பந்தலும் ஏறியது.

'2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்த பிறகுதான் வேகமாகக் குறைந்தது' என்றார் அடுத்துப் பேசிய தம்பி. அந்தச் சட்டம் படித்த பெண்ணுக்கும் படிக்காத பெண்ணுக்கும் பொதுதானே? ஆனால் 2019-21 கணக்கில், பள்ளிக்கே போகாத 15-19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 18 பேர் தாய்மைக்குள் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களில் 4 பேர்தான்.

'கல்யாணம் ஆனதால்தானே படிப்பு நின்றது' என்று கேட்பீர்கள். சில வீடுகளில் அப்படியும் நடக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மாவின் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போனார். கொட்டை உடைத்து உடைத்து, அண்டிப் பால் பட்டு விரலெல்லாம் வெந்து கறுத்திருக்கும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். பதினாறில் அவருக்குக் கல்யாணம், பதினேழில் என் பெரியம்மா பிறந்தாள். முதலில் நின்றது படிப்பு. வீட்டில் குமரு, கல்யாணமாகாத பெண், நிற்கிறது என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான் வந்தது.

நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு. அந்த இடத்துக்கு வர எத்தனை தலைமுறை ஆகியிருக்கிறது பாருங்கள்.

ஒரு கணக்கு மட்டும் எனக்கு வலிக்கிறது. பதின்ம வயதில் தாயாவது 2015-16இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 5 ஆக இருந்தது, 2019-21இல் 6.3 ஆக ஏறியிருக்கிறது. இடையில் எந்தச் சட்டமும் தளரவில்லையே. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. பிள்ளையைக் கெடுத்தவனுக்குத் தண்டனை வேண்டும், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வழக்காகிவிடுமே என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் எப்படித் துணையாகும்? எல்லாம் நடந்து முடிந்த பிறகல்லவா அது வாசலுக்கு வருகிறது?

அரசாங்கமே இதைப் புரிந்துகொண்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்தார்கள். 2022இல் அதையே மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். கல்யாணச் செலவுக்குப் போன பணம் படிப்புக்குப் போகிறது.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டது. ரிசல்ட் வந்த அடுத்த வாரமே தரகர் வந்து நின்றார். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை, வரதட்சணை பெரிதாக வேண்டாம் என்றார். அவளுடைய அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், கையெழுத்து மட்டும் போடத் தெரியும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யாரும் போன் செய்யவில்லை, போலீஸும் வரவில்லை. 'பிள்ளை துணைத் தேர்வு எழுதப் போகுது, பிறகு பார்க்கலாம்' என்று அந்த அம்மாதான் தரகரை அனுப்பிவைத்தார். இப்போது அவள் நர்சிங் இரண்டாம் வருடம். இன்று கூட்டத்துக்கு வந்திருக்கிறாள், அம்மாவும் பக்கத்தில்தான் இருக்கிறார்.