சித்தப்பாவின் லென்சுக்குப் புது பொடி வாங்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. மல்லாவியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்.

"அண்ணா, சித்தப்பாவின் பழைய பிலிம் கமரா என்னிடம் வந்திருக்கிறது. நிக்கோர்மற் எஃப்.டி.என். கூடவே மூன்று நிக்கோர் லென்ஸ்: 28, 50, 135 மி.மீ. கமரா படம் அடிக்கிறது, ஆனால் வெளிச்சம் அளக்கிற மீற்றரின் ஊசி அசையவே இல்லை. கையில் கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறேன். எஃப்.எம்.2 ஒன்று வாங்கட்டா, இல்லாவிட்டால் எஃப்.100 வாங்கட்டா? லென்ஸ் மூன்றையும் விட மனமில்லை."

லென்சுகளின் படமும் அனுப்பியிருக்கிறார், நல்ல வேலை. படம் இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க முடியாது. ஒரு விஷயம், நான் இன்றைக்கு முழுக்கப் பொடி, பொடி என்று சொல்லப் போகிறேன். லென்ஸ் இல்லாத வெறும் கமராவைத்தான் ஸ்ரூடியோக்காரர் நாங்கள் அப்படிச் சொல்லுவது. மூக்குப்பொடி என்று யாரும் கொமென்ற் போட வேண்டாம்.

தம்பி, எஃப்.எம்.2 பற்றிக் கேட்டீர்களே, அதற்கு இந்த லென்சை அப்படியே மாட்டிவிடாதீர்கள். இதை முதலே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைக் கேட்காமல் வீடியோவை மூடினாலும் இது காதில் விழுந்திருக்க வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம். நிக்கோர்மற், எஃப்.எம்.2, எஃப்.100 எல்லாம் நிக்கோன் கொம்பனியின் கமராக்கள். நிக்கோன் 1959இல் எஃப் மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டுகிற வாய், ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த மவுண்டின் வாய் அளவு அதற்குப் பிறகு மாறவேயில்லை. அதனால்தான் "எந்த நிக்கோன் லென்சும் எந்த நிக்கோனுக்கும் போகும்" என்று சந்தியில் நின்று சொல்லுவார்கள். வாய் போகும்தான். ஆனால் லென்சில் என்ன அப்பேச்சர், அதாவது வெளிச்சம் போகிற ஓட்டையின் அளவு, வைத்திருக்கிறோம் என்பதை கமராவுக்குச் சொல்லும் வழி 1977இல் மாறிவிட்டது. அதற்கு முன்னால் லென்சில் அந்த அளவை மாற்றுகிற வளையத்தின் மேல் ஒரு உலோகக் கொம்பு இருக்கும், முயல் காது மாதிரி. அந்தக் காதைக் கமராவில் இருக்கும் ஒரு சின்ன ஊசி பிடித்துக்கொள்ளும். 1977இல் ஏ.ஐ. என்று ஒன்று வந்தது. இப்ப எல்லோரும் கதைக்கிற ஏ.ஐ. இல்லை, இது வேறு. வளையத்தின் பின் விளிம்பில் ஒரு பகுதியை வெட்டிவிட்டு, அந்த வெட்டில் கமராவின் வாயருகே இருக்கும் ஒரு சின்னத் தட்டு வந்து உட்காரும்படி செய்தார்கள். காதுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காது இரண்டும் ஓட்டை இல்லாமல் முழுதாக இருக்கின்றன. வளையத்தில் ஒரே வரிசை எண்தான். ஏ.ஐ. லென்ஸ் என்றால் காதில் இரண்டு வெட்டு இருக்கும், பெரிய எண்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டாவது வரிசையும் இருக்கும். மூன்று லென்சையும் கவிழ்த்து, பின் விளிம்பில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் பள்ளம் தட்டுப்படாமல் விளிம்பு ஒரே உயரமாகப் போனால் 77க்கு முந்தியதுதான். எனக்குச் சந்தேகம் இல்லை, மூன்றும் பழையவை.

வெட்டில்லாத விளிம்பு எஃப்.எம்.2இன் அந்தத் தட்டில் போய் இடிக்கும். சில லென்ஸ் திரும்பவே திரும்பாது, அது நல்ல காலம். சிலது கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பும், அதுதான் கெட்ட காலம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஒரு முறை உடைத்திருக்கிறேன். ஒரு நண்பரின் எஃப்.எம்.2, கலியாண வீடு ஒன்றில். என்னுடைய பழைய 35 லென்சை அதில் மாட்டப் போனேன். பாதியில் இறுகியது. தூசி போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, சுண்டு விரல் நெட்டி முறிந்த மாதிரி. தட்டு வளைந்து போச்சு. அன்றைக்கு நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. திருத்துகிற காசை நான்தான் கட்டினேன்.

எஃப்.100 கதையும் இதேதான். 1999இல் வந்த திறமான கமரா, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் லென்சுக்கு அது ஆகாது. அதன் ஓட்டோ போக்கசுக்கும் இந்த லென்சில் வேலை இல்லை. நாலு பென் பற்றரி போட்டுச் சும்மா தூக்கித் திரிய வேண்டியதுதான்.

லென்சை வெட்டலாமே என்று கேட்பீர்கள். ஓம், வெட்டலாம். ஒரு காலத்தில் நிக்கோன் கொம்பனியே வளையத்தை மாற்றிக் கொடுத்தது. இப்ப செய்வதென்றால் வளையத்தைக் கழற்றி அரத்தால் அராவ வேண்டும். கை தேர்ந்த ஆள் செய்தால் சரி. வீட்டில் லென்சைக் கழற்றாமல் அராவினால் உலோகத்தூள் உள்ளே போய்விடும், பிறகு போக்கஸ் திருப்பும்போது மண்ணரைக்கிற மாதிரிச் சத்தம் கேட்கும். சித்தப்பாவின் லென்ஸ் என்கிறீர்கள். எனக்கென்றால் மனம் வராது.

அப்ப எந்தப் பொடி சரி? சில கமராக்களில் அந்தத் தட்டை மேலே மடித்துவிடலாம். 1977இல் வந்த எஃப்.எம்., அடுத்த வருடம் வந்த எஃப்.இ., பிறகு எஃப்.3, எஃப்.4. கவனியுங்கள், எஃப்.எம். மடியும், எஃப்.எம்.2 மடியாது. எஃப்.இ. மடியும், எஃப்.இ.2 மடியாது. பெயரில் இரண்டு கூடினதும் வசதி ஒன்று குறைந்துவிட்டது. விற்கிறவருக்கே இது தெரியாமல் இருக்கும், "எல்லாம் ஒன்றுதான் தம்பி" என்பார். ஆனால் மடித்துவிட்டால் லென்ஸ் கமராவோடு பேசாது. மீற்றர் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் நெம்பை அழுத்தி, அப்பேச்சரைச் சுருக்கி, இருட்டுக்குள் பார்க்க வேண்டும். ஆறுதலாக ஒரு மரத்தைப் படம் எடுக்கப் பரவாயில்லை. ஓடுகிற பிள்ளையை எடுக்க இதுக்கு நேரமில்லை.

உங்கள் லென்சுக்குக் காதைப் பிடிக்கிற கமராதான் உறவுக்காரன். என்னைக் கேட்டால் நிக்கோர்மற் எஃப்.டி.2. உங்களிடம் இருப்பதன் தம்பி, 1975இல் வந்தது. காது ஊசி அப்படியே இருக்கிறது, மேலே பிளாஷ் மாட்ட இடம் இருக்கிறது, பற்றரி இப்போதும் கடையில் வாங்கக்கூடிய ஒன்றரை வோல்ற். யாரும் அதைத் தேடிப் போவதில்லை, அதனால் எஃப்.எம்.2 அளவுக்கு விலையும் ஏறவில்லை. எஃப்.2வும் இதே வகை, ஆனால் அதற்குப் பெயர் இருக்கிறது, பெயருக்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள்.

இவ்வளவும் வாங்குவதென்றால். வாங்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. உங்கள் கமராவில் என்ன பிழை? மீற்றர் ஊசி அசையவில்லை. அவ்வளவுதானே?

பற்றரிக் குழியைத் திறந்து பார்த்தீர்களா? அடியில் வட்ட மூடி, காசு ஒன்றை வைத்துத் திருப்பினால் வரும். பச்சையாக ஏதும் பூத்திருந்தால் வினாகிரியில் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அந்தக் கமரா மேர்க்கூரி பற்றரிக்குச் செய்தது, 1.35 வோல்ற். அது இப்ப விற்பனையிலேயே இல்லை. காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 பற்றரி இருக்கிறதே, பார்மசியில் கேளுங்கள், அது கிட்டத்தட்ட அதே வோல்ற். அளவில் சின்னது, சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் இறுகும். ஸ்ரிக்கரை உரித்த நாளிலிருந்து காற்றுப் பட்டுக் கரையத் தொடங்கும், சில மாதம்தான் வரும். பற்றரி போட்டதும் பிலிம் இழுக்கும் நெம்பைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட வேண்டும், அதுதான் மீற்றரின் சுவிட்ச். பாதிப் பேர் இது தெரியாமலே மீற்றர் செத்துவிட்டது என்கிறார்கள். ஊசி அசைந்தும் துடிதுடித்தால் உள்ளே ஒரு கரித்தடம் தேய்ந்திருக்கிறது, இந்தக் கமராக்களுக்கு வழக்கமான வருத்தம். அதைத் திருத்தக் காசு செலவழிக்காதீர்கள்.

மீற்றர் இல்லாவிட்டால் என்ன? நான் தொழில் பழகியது 90களின் கடைசியில், புதுக்குடியிருப்பில் ஒரு ஸ்ரூடியோவில். யுத்த காலம், வன்னிக்குள் பற்றரி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். எங்கள் முதலாளியிடம் இருந்ததும் இதே எஃப்.டி.என்.தான். பற்றரிக் குழிக்குள் மடித்த பேப்பர் ஒன்று இருக்கும், மூடி ஆடாமல் இருக்க. வெளியே எடுக்கப் போனால் முற்றத்தில் இறங்கி, தன் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். கையின் நிழல் நிலத்தில் கத்தி வெட்டின மாதிரி விழுந்தால் ஒரு கணக்கு, ஓரம் கலங்கி விழுந்தால் ஒரு கணக்கு, நிழலே இல்லாவிட்டால் ஒரு கணக்கு. பிலிம் றோல் கிடைப்பதே பெரும்பாடு, ஒன்றைக்கூட வீணாக்க முடியாது. அவருடைய நெகற்றிவ் எல்லாம் ஒரே சீராக இருக்கும். அதைப் பிரின்ற் போட்ட கை இது, அதனால் சொல்லுகிறேன்.

அந்தக் கணக்கு ஒன்றும் மந்திரமில்லை. நல்ல வெயிலில் அப்பேச்சர் 16, சட்டர் திறந்து மூடுகிற வேகம் பிலிம் பெட்டியில் இருக்கும் எண்ணுக்குக் கிட்டியது. 400 பிலிம் என்றால் ஒரு செக்கனின் 500இல் ஒன்று. வெளிச்சம் குறையக் குறைய அப்பேச்சர் எண்ணைக் குறைத்து ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். மெல்லிய முகில் என்றால் 11, நிழலே விழாவிட்டால் 8, மரத்தடி என்றால் 5.6 அல்லது 4. இரணைமடுக் குளக்கட்டில் மத்தியானம் நின்றால் இதற்கு மீற்றரே தேவையில்லை. இப்ப போனிலும் லைற் மீற்றர் அப் இருக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் மாதிரி இராத்திரி வெளிச்சத்துக்கு அதைப் பாவியுங்கள்.

பொடி மாற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்லக்கூடிய காரணம் சட்டர். இப்படிச் சோதியுங்கள்: பிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பிடித்து, 1000இல் அடியுங்கள். சட்டர் வாய் முழுவதும் ஒரே அளவாக ஒரு மின்னல் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் பிழை. பிறகு ஒரு செக்கனில் வைத்து அடித்து, சத்தத்தைக் கேளுங்கள். இழுத்து இழுத்து மூடினால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது, சேர்விஸ் செய்தால் சரிவரும். கதவு விளிம்பில் கறுப்புப் பஞ்சு தார் மாதிரிக் கையில் ஒட்டினால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் படத்தில் செம்மஞ்சள் கோடு விழும். அது நீங்களே செய்யக்கூடிய வேலை.

எஃப்.எம்.2இன் 4000 வேகம் வேண்டும் என்று ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. கணக்குப் பாருங்கள். 100 பிலிம் போட்டு எங்கள் வெயிலில் நின்றால், உங்கள் நிக்கோர்மற்றின் 1000இல் அப்பேச்சர் 5.6 வரை திறக்கலாம். எஃப்.எம்.2 என்றால் 2.8 வரை. பின்புலம் கலங்கின முகம் வேண்டும் என்பவருக்கு அது பெரிய வித்தியாசம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். இல்லாவிட்டால் பின்னேரம் நாலரை வரை பொறுத்திருங்கள், அந்த வெளிச்சம் முகத்துக்கும் நல்லது. பாரமும் ஒரு காரணம், நிக்கோர்மற் முக்கால் கிலோ. கழுத்து வலிக்கும். பெல்ற்றை அகலமாகப் போடுங்கள்.

ஆகவே, சேர்த்த காசில் சேர்விசும் ஒரு பத்து றோலும். பத்தையும் அடித்து முடித்த பிறகும் பொடி போதவில்லை என்று தோன்றினால் எஃப்.டி.2 தேடுங்கள். மாட்டும்போது ஒன்று: அப்பேச்சரை 5.6இல் வைத்து மாட்டி, பிறகு வளையத்தை ஒரு அந்தம் வரை கொண்டுபோய் மற்ற அந்தம் வரை திருப்புங்கள். அப்போதுதான் கமராவுக்கு இது எந்த லென்ஸ் என்று விளங்கும். ஒவ்வொரு முறை லென்ஸ் மாற்றும்போதும் செய்ய வேண்டும்.

முடிக்கப் பார்த்தேன், ஆனால் உங்கள் படத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. 135இன் முன் கண்ணாடியில் ஓரமாகச் சிலந்தி வலை மாதிரி ஒன்று தெரிகிறது. கீறலாகவும் இருக்கலாம். போன் ரோச்சைப் பின்னால் பிடித்து, முன்னாலிருந்து சரித்துப் பாருங்கள். கிளை விட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சணம். பூஞ்சணம் என்றால் மாரி தொடங்க முன்னம் துப்புரவாக்கக் கொடுங்கள். அதுவரைக்கும் அதை மற்ற இரண்டோடும் ஒரே பையில் வைக்காதீர்கள், லென்சுக்குத் தோல் உறை இருந்தால் அதையும் எறிந்துவிடுங்கள், தோல்தான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பைக்கற்றும் போதும். அரிசிக்குள் புதைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அரிசி மா எல்லாம் போக்கஸ் வளையத்துக்குள் போய்விடும். ரோச் அடித்து எடுத்த படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்லுகிறேன்.